கைராசியும் தெர்மாமீட்டரும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பழக்கமில்ல. ஆனா எங்க குழுவுல நடந்த ஒரு விஷயத்த எல்லாரும் கேக்கணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன்.

எங்க குழு இட்லி மாவு ஆட்டி விக்கிற குழு. கடன் 40,000 ரூபாய் வாங்கி ஒரு பெரிய கிரைண்டரும், பழைய ஃபிரிட்ஜ் ஒண்ணும் வாங்கினோம். தை மாசம் ஆரம்பிச்சோம், மாசி பங்குனி நல்லா ஓடுச்சு. சித்திரை பிறந்ததும் சனியன் பிடிச்ச மாதிரி ஆகிப்போச்சு. பாக்கெட் எல்லாம் பலூன் மாதிரி ஊதுது. கடைக்காரங்க திருப்பி அனுப்புறாங்க. வீரபாண்டித் திருவிழாவுக்கு ஒரு டிபன் கடைக்காரர் 60 கிலோ சொல்லியிருந்தார். கொண்டுபோய் இறக்குறதுக்குள்ள புளிச்ச வாடை. வேண்டாம்னுட்டார். கிலோ 35 ரூபாய்னு 2,100 ரூபாய் போச்சு. அந்த மாசத் தவணையே தடுமாறுச்சு.

அப்பத்தான் பேச்சு வந்துச்சு. எங்ககிட்ட வேலை பாக்குற ஒரு அக்கா, புருசன் இல்லாதவங்க, ரெண்டு பிள்ளைகள வச்சிருக்காங்க. அவங்க ஆட்டுற மாவுதான் புளிக்குது, அவங்களுக்குக் கைராசி இல்லன்னு ஒருத்தர் சொல்ல, ரெண்டு பேர் ஆமான்னு தலையாட்ட, அடுத்த கூட்டத்துல அவங்கள மாவு வேலையில இருந்து எடுத்துரலாம்ங்கிற அளவுக்குப் போயிருச்சு. நானும் அன்னைக்கு வாயத் திறக்கல. அத இப்பவும் நெனச்சா வெக்கமா இருக்கு. அந்த அக்கா இங்கதான் மூணாவது வரிசையில இருக்காங்க. சொல்லலாமான்னு கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

என் மூத்த மக அப்ப பிளஸ் டூ படிச்சா. வேதியியல் புத்தகத்துல ஒரு பாடத்த சத்தமா வாசிச்சுக்கிட்டு இருந்தா. வெப்பநிலை 10 டிகிரி கூடுனா நிறைய வேதிவினைகளோட வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு. நான் அடுப்படியில இருந்து, "திரும்ப வாசிடி"ன்னேன். அவ பரீட்சைக்குப் படிக்கிறா, எனக்கு மாவு ஞாபகம்.

மாவு புளிக்கிறது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் பாக்குற வேலைன்னு நமக்குத் தெரியும். ஆனா அதுக உடம்புக்குள்ள நடக்குறதும் வேதிவினைதான். சர்க்கரைய உடைச்சு அமிலமும் வாயுவும் உண்டாக்குதுக. அந்த வாயுதான் மாவப் பொங்க வைக்குது, பாக்கெட்டயும் ஊத வைக்குது. மார்கழியில ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டி வச்சா விடிஞ்சு எட்டு மணிக்கும் சரியாப் பொங்காது. சித்திரையில அதே மாவு விடியக்காலம் மூணு மணிக்கே பாத்திரத்துல வழியும். நம்ம அப்பத்தாக்கள் காலத்துல இருந்து இது தெரிஞ்ச சங்கதிதானே? அத வச்சுக் கணக்குப் போடத்தான் எனக்குத் தோணாமப் போச்சு.

சூடு ஏன் வேகப்படுத்துதுன்னு மகளக் கேட்டேன். ஒரு பொருளோட துகள்கள் ஒண்ணோட ஒண்ணு மோதுனாத்தான் வினை நடக்கும், ஆனா சும்மா மோதுனாப் போதாது, ஒரு அளவு சக்தியோட மோதணும்னா. எனக்குக் கம்பம் மெட்டு ஞாபகம் வந்துச்சு. ஏலத் தோட்டத்து வேலைக்கு ஜீப்புல போறவங்களுக்குத் தெரியும். கீழ ரோட்டுல எத்தன வண்டி ஓடுனாலும், மெட்டு ஏறுற இழுவை இருக்குற வண்டிதான் அந்தப் பக்கம் இறங்கும். சூடு கூடுறப்ப மோதல் கொஞ்சம்தான் கூடுதாம். ஆனா மெட்டு ஏறத் தெம்புள்ள துகள்களோட எண்ணிக்கை மளமளன்னு ஏறிருதாம். இந்தக் கணக்க அரீனியஸ்னு ஒரு சுவீடன் நாட்டு விஞ்ஞானி 1889லயே எழுதி வச்சிருக்கார்.

மறுநாள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். காய்ச்சல் பாக்குறது இல்ல, சமையலுக்குக் குத்திப் பாக்குறது. காலையில ஆறு மணிக்கு ஆட்டுன மாவு கிரைண்டர விட்டு எடுக்கையில 29 டிகிரி. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆட்டுனது 39 டிகிரி. அந்த அக்காவுக்கு எப்பவும் மத்தியான முறைதான், காலையில பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்ல. மத்தியானம் தகர ஷெட்டு கொதிக்கும். மாடியில இருக்குற சின்டெக்ஸ் தொட்டித் தண்ணி கையச் சுடும். அந்தத் தண்ணியிலதான் உளுந்த ஆட்டுறோம். கிரைண்டர் உரசுற சூடு வேற. பத்து டிகிரி வித்தியாசம்! அவங்க மாவு ரெண்டு மடங்கு வேகத்துல புளிச்சிருக்கு, அம்புட்டுத்தான்.

அதோட நிக்கல. ஃபிரிட்ஜ்ல வச்சும் ஏன் புளிக்குதுன்னு சந்தேகம். 25 கிலோ மாவ ஒரே டிரம்முல ஊத்தி உள்ள வச்சோம். நாலு மணி நேரம் கழிச்சு நடுவுல குத்திப் பாத்தா 33 டிகிரி. ஓரம் சில்லுன்னு இருக்கு, நடு இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. சூடு வெளிய வர வழியில்ல. நாம ஃபிரிட்ஜ்ல வச்சாச்சுன்னு நிம்மதியாத் தூங்குறோம், நடுவுல அது பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டே இருக்கு.

கூட்டத்துல இந்த நோட்ட விரிச்சு வச்சேன். கைராசின்னு சொன்ன மதினியே வாசிச்சுப் பாத்துட்டு, "அப்ப நாங்கூட மத்தியானம் ஆட்டிப் பாக்குறேன்"னாங்க. ஆட்டுனாங்க. ஊதுச்சு. எல்லாரும் சிரிச்சுட்டோம், அந்த அக்கா மட்டும் அழுதுட்டாங்க.

இப்ப சித்திரை வைகாசியில உளுந்துக்கு ஐஸ் தண்ணிதான். ஊற வைக்கிறதும் மண்பானைத் தண்ணியில, நிழல்ல. ஆட்டுனதும் டிரம்முல கொட்டாம, நாலு விரக்கட உயரத்துக்கு அகலச் சட்டியில பரப்பி ஃபிரிட்ஜ்ல வைக்கிறோம், சீக்கிரம் ஆறும். மார்கழிக்கு அப்படியே தலைகீழ், வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, அடுப்புப் பக்கம் வைக்கிறோம்.

மாடு வச்சிருக்கவங்களுக்கும் இதே கணக்குத்தான். கறந்த பால் மாட்டோட உடம்புச் சூட்டுலயே கேனுக்கு வருது. சொசைட்டிக் குளிர்விப்பான்ல 4 டிகிரிக்குக் கொண்டு போறது வேகத்தக் குறைக்கத்தான். ஆனா எல்லாத்துக்கும் குளுமை ஆகாது. நம்ம வாழைக்காய 13 டிகிரிக்குக் கீழ வச்சா தோல் கறுத்துப் போகும், அதனால வாழைத்தார ஃபிரிட்ஜ்ல திணிக்காதீங்க.

மேகமலைக்கு மேல சொந்தக்காரங்க இருக்கவங்க ஒண்ணு கவனிச்சிருப்பீங்க, அங்க சட்டியில பருப்பு லேசுல வேகாது. 1,500 மீட்டர் உயரத்துல தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சிரும், அதுக்கு மேல சூடேறாது. பருப்புல கொறையில்ல. குக்கர்ல போட்டா 120 டிகிரி வரைக்கும் போகும், அதான் நாலு விசில்ல வேகுது. விறகு மிச்சம்.

எங்க கடன்ல இன்னும் ரெண்டு தவணை பாக்கி. நோட்டும் தெர்மாமீட்டரும் கொண்டு வந்திருக்கோம். சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்பமரத்தடியில அந்த அக்காவே குத்திக் காட்டுவாங்க. மாவு, தயிர், பால் விக்கிற குழுக்காரங்க வந்து பாருங்க.