“வேதத்தில் எங்கே இருக்கிறது?”

(பங்கின் வெள்ளிவிழாவை முன்னிட்டு அன்பியக் குடும்பங்களுக்காக நடைபெற்ற கூட்டத்தில், மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

“வேதமும் திருச்சபையும்” என்ற தலைப்பில் பேசும்படி பங்குத் தந்தை அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். நான் வேதசாஸ்திரம் படித்தவன் அல்லன். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் எந்திரத்தில் நின்று ஓய்வு பெற்றவன். ஆனாலும் இந்தத் தலைப்பு என் சொந்த வீட்டைச் சுட்ட நெருப்பு. ஆகவே துணிந்து பேச வந்திருக்கிறேன்.

நம் ஊரின் நிலை உங்களுக்குத் தெரியும். எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூர் வரை நடந்து பாருங்கள். கத்தோலிக்க ஆலயம், சி.எஸ்.ஐ. ஆலயம், பெந்தெகொஸ்தே சபை, மாடியில் ஒரு ஜெப வீடு என்று எத்தனையோ காண்பீர்கள். ஒரே வீட்டில் மாமியார் நம் கோவிலுக்கும், மருமகள் வேறு சபைக்கும் போவது இன்று புதுமையல்ல. அப்படிப்பட்ட வீடுகளில் என்றாவது ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஒரு கேள்வி எழும்: “இது வேதத்தில் எங்கே இருக்கிறது?”

என் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் என் தம்பி. அவன் வேறொரு சபையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் தாயார் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். நான் சாமியாரை அழைத்து நோயில்பூசுதல் கொடுக்க வேண்டும் என்றேன். தம்பி கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, “அண்ணே, இது வேதத்துல எங்க இருக்கு? காட்டு, நான் ஒத்துக்கிறேன்” என்றான். என்னால் காட்ட முடியவில்லை. காட்ட முடியாதவன் என்ன செய்வான்? சத்தம் போட்டேன். “இராயப்பர் காலத்திலிருந்து வந்த திருச்சபை சொல்லுகிறது, நீ யார் கேட்க?” என்றேன். அவன் மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தைச் சொல்லி, “மனுஷர் மரபுக்காகக் கடவுள் வார்த்தையைத் தள்ளுறீங்க” என்றான். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்கடா” என்றார்கள்.

மறுநாள் சாமியார் வந்தார். தம்பி தெருவிலேயே நின்றான். நான்காம் நாள் அம்மா இறந்தார்கள். அடக்கத்தன்று அவன் கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அதன்பின் மூன்று ஆண்டுகள் எங்களுக்குள் பேச்சில்லை.

அன்பர்களே, இந்தச் சண்டை எங்கள் வீட்டில் தொடங்கியதல்ல. ஜெர்மனியில் லுத்தர் 1521-ஆம் ஆண்டு வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் நின்று, திருத்தந்தையரும் சங்கங்களும் தவறியிருக்கிறார்கள், ஆகவே வேதத்தின் சாட்சியால் என்னைத் திருத்தினாலன்றி நான் பின்வாங்கமாட்டேன் என்ற கருத்தில் பேசினார். “வேதம் ஒன்றே” என்ற கொள்கை அங்கே உரம் பெற்றது. அதற்குப் பதிலாக 1546-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், நற்செய்தியின் உண்மை எழுதப்பட்ட நூல்களிலும், அப்போஸ்தலர் வழியாய் வந்த எழுதப்படாத மரபுகளிலும் அடங்கியுள்ளது என்று அறிவித்தது.

இந்த வழக்கு கடல் கடந்து நம் தமிழ் மண்ணுக்கும் வந்தது. 1706 ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கு என்னும் லுத்தரன் குரு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். சில ஆண்டுகளிலேயே தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1715-க்குள் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. அதற்குச் சற்று முன்பின்னாக, 1711-இல், தமிழகம் வந்தவர் நம் வீரமாமுனிவர். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த அந்தப் பெரியார், லுத்தரன் கொள்கைகளை மறுத்து 1728-இல் “வேதவிளக்கம்” எழுதினார். தரங்கம்பாடியார் “திருச்சபைப் பேதகம்” என்று எழுத, முனிவர் “பேதகமறுத்தல்” என்று திருப்பியடித்தார். ஏட்டிலும் அச்சிலும் நடந்த அந்தப் போரை வாசிக்கும்போது, இரு பக்கத்தாரும் தமிழை நேசித்தவர்கள், கிறிஸ்துவை நேசித்தவர்கள் என்பதும், அப்படியிருந்தும் ஒருவரையொருவர் நேசிக்க அவர்களுக்கு வரவில்லை என்பதும் தெரிகிறது.

இங்கே நாம் ஓர் உண்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்திய மண்ணில் முதன்முதல் அச்சான தமிழ் நூல் கத்தோலிக்கருடையது. அண்ட்ரிக் அடிகளார் முத்துக்குளித்துறைக் கடற்கரை மக்களுக்காக 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட “தம்பிரான் வணக்கம்” அது. நம்மில் பலருடைய முன்னோருக்காக அச்சானது அந்தச் சின்ன நூல். அது ஒரு ஞானோபதேசம். அதன்பின் அடியார்களின் வரலாறும் 1586-இல் வந்தது. ஆனால் முழுப் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாக 137 ஆண்டுகள் சென்றன. அதையும் செய்தவர்கள் நம்மவர் அல்லர். 1564-இல் உரோமை வகுத்த விதிப்படி, தாய்மொழியில் வேதம் வாசிக்க ஆயரிடமோ சமய விசாரணை அதிகாரியிடமோ எழுத்தில் அனுமதி பெற வேண்டியிருந்தது. 1757-இல்தான் அந்த விதி தளர்ந்தது. தஞ்சாவூர்ப் படையில் இருந்த இராஜநாயக்கன் என்னும் கத்தோலிக்கர், தரங்கம்பாடியில் அச்சான நற்செய்திகளை வாசித்து, 1720-களில் லுத்தரன் சபையில் சேர்ந்து உபதேசியாரானார். அவரைக் குறை சொல்லுமுன், அந்த மனிதர் பசித்திருந்தபோது நற்செய்திப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தவர் யார் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் “வேதம் ஒன்றே போதும், திருச்சபை வேண்டாம்” என்று முடிவு கட்டலாமா? அங்கேதான் மறுபக்கம் வருகிறது. சீகன்பால்கு தமிழ் மக்களுக்குப் புதிய ஏற்பாட்டை மட்டுமா கொடுத்தார்? லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் மொழிபெயர்த்துக் கொடுத்தார். வேதத்தை வாசிக்க ஒரு வழிகாட்டி வேண்டும் என்று லுத்தரே 1529-இல் எழுதிய நூல் அது. சீகன்பால்கு கடவுளுக்கு வழங்கிய “சருவேசுரன்” என்ற சொல்லும், அவருக்கு முன் இங்கு உழைத்த சேசுசபைக் குருக்களின் நூல்களில் வழங்கிய சொல்லே. புத்தகம் புதியது, ஆனால் அதை எழுதிய சொற்கள் ஒரு மரபிலிருந்து வந்தவை!

இன்னொன்று. வேதம் என்றால் எத்தனை நூல்கள்? நாம் 73 என்கிறோம், அவர்கள் 66 என்கிறார்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகிய ஏழு நூல்களே வேறுபாடு. எது வேதம், எது வேதமல்ல என்ற அட்டவணை வேதத்துக்குள் எந்தப் பக்கத்திலும் இல்லை. நாம் இன்று வைத்திருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே வரிசைப்படுத்தியவர் ஆயர் புனித அத்தனாசியார், 367-ஆம் ஆண்டுத் திருமுகத்தில். அதை ஏற்று உறுதிசெய்தது திருச்சபை. இதற்கு அவர்கள் தரும் பதிலையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: “திருச்சபை வேதத்தை உண்டாக்கவில்லை, கடவுள் தந்ததை அடையாளம் கண்டது, அவ்வளவுதான்” என்பார்கள். நல்ல பதில். நாமும் அதை மறுப்பதில்லை. ஆனால் அடையாளம் காண ஒரு கண் வேண்டுமல்லவா? அந்தக் கண்ணுக்குத் தூய ஆவியார் ஒளி கொடுத்தார் என்று நாம் விசுவசிக்கிறோம்.

எங்கள் தொழிற்சாலை வழக்கப்படி சொல்லுகிறேன். எந்திரத்துக்கு எதிரில் டிராயிங் தொங்கும். அளவெல்லாம் அதில் இருக்கும். இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து கேஜ் வைத்துப் பார்ப்பார். இன்ஸ்பெக்டர் டிராயிங்கை மாற்ற முடியாது. மாற்றினால் அவர் இன்ஸ்பெக்டரே அல்லர். ஆனால் இன்ஸ்பெக்டரே வேண்டாம், டிராயிங் மட்டும் போதும் என்று அவரவர் கண்ணுக்குத் தோன்றியபடி கடைந்தால், நூறு பேர் செய்த நூறு உருப்படியும் ஒன்றோடொன்று பொருந்தாது. “சரி, இன்ஸ்பெக்டரே தப்பாகப் படித்தால்?” என்று நீங்கள் கேட்கலாம். லுத்தர் கேட்டதும் அதுதான். அந்தக் காலத்தில் பாவமன்னிப்புப் பலன்களைக் காசுக்கு விற்ற கொடுமையைப் பார்த்தால், அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18-ஆம் நாள் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு இதற்குத் தெளிவான பதில் தருகிறது. திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணிபுரிவது என்று 10-ஆம் பிரிவு போதிக்கிறது. வேதம் விசுவாசிகள் எல்லாருக்கும் தாராளமாய்த் திறந்திருக்க வேண்டும் என்றும், பிரிந்த சகோதரரோடு சேர்ந்து மொழிபெயர்க்கலாம் என்றும் 22-ஆம் பிரிவு வழி திறந்தது. மறுபக்கத்திலும் அசைவு உண்டாயிற்று. 1963-இல் மாண்ட்ரியல் நகரில் கூடிய புராட்டஸ்டாண்டு, ஆர்த்தடாக்ஸ் சபையார், வேதத்தை மரபிலிருந்து முழுவதும் பிரித்துவிட முடியாது என்று ஒத்துக்கொண்டார்கள். 1947-இல் சென்னையில் உதயமான தென்னிந்தியத் திருச்சபைக்கும் பேராயர்கள் உண்டு, விசுவாச அறிக்கை உண்டு, சினாடு உண்டு.

நம் தமிழகத்தில் இதன் கனி, 1995-இல் வெளிவந்த “திருவிவிலியம்” பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க அறிஞரும் புராட்டஸ்டாண்டு அறிஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்தது. நாம் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று அழைத்தோம். அவர்கள் பேதுரு, பவுல், யோவான் என்றார்கள். நாம் விட்டுக்கொடுத்தோம். இராயப்பர் இன்று நம் பக்கத்து இராயபுரத்தின் பெயரில் வாழ்கிறார், அது போதும்! அவர்களும் விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஏழு நூல்களும் இணைத்திருமுறை என்ற பெயரில் அந்தப் பதிப்பில் இடம்பெற்றன. வீரமாமுனிவரும் சீகன்பால்குவும் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. கருத்து மாறுபாடு வந்தால் இறுதித் தீர்ப்புச் சொல்லுபவர் யார் என்பதில் இன்றும் நாம் ஒன்றல்ல. 1870-இல் அறிவிக்கப்பட்ட திருத்தந்தையின் வழுவாவரத்தையும், 1950-இல் அறிவிக்கப்பட்ட தேவமாதாவின் விண்ணேற்பையும் அவர்கள் ஏற்பதில்லை. நாம் ஏற்கிறோம். இதை மூடி மறைப்பது அன்பு ஆகாது. ஆனால் சகோதரன் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல் அவன்மேல் பாய்வதும் விசுவாசம் ஆகாது.

என் கதையை முடிக்கிறேன். தம்பியோடு பேச்சு நின்ற நாட்களில், அவனை மடக்க வேண்டும் என்ற கெட்ட எண்ணத்தோடுதான் நான் முதன்முதலில் விவிலியத்தை முழுவதுமாக வாசிக்கத் தொடங்கினேன். அவன் சொன்ன மாற்கு 7-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். அங்கே ஆண்டவர் எதைக் கண்டிக்கிறார் தெரியுமா? காணிக்கை என்று பெயர் சொல்லித் தாய் தகப்பனைக் கைவிடுகிறவர்களை! அம்மா கட்டிலருகே நின்று சண்டையிட்ட எங்கள் இருவரையும் அந்தப் பகுதி ஒரே சாட்டையால் அடித்தது. பிறகு யாக்கோபு திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்துக்கு வந்தேன். நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்கட்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது! அம்மாவின் கட்டிலருகே தம்பி கேட்டது அதைத்தான். ஞானஸ்நானம் பெற்று ஐம்பது ஆண்டு கோவிலுக்குப் போன எனக்கு அது தெரியவில்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஜெயிப்பதற்காகப் போகவில்லை. அந்த எண்ணம் அதற்குள் செத்துவிட்டது. அவனும் தன் வேதாகமத்தைத் திறந்து அதே இடத்தை வாசித்தான். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணே, இதை அன்னைக்கே காட்டியிருந்தா சாமியாரை நானே போய்க் கூட்டிட்டு வந்திருப்பேனே” என்றான். இருவரும் அழுதோம். இன்றும் அவன் செபமாலை சொல்லுவதில்லை, நான் அவன் சபைக்குப் போவதில்லை. ஆனால் அம்மாவின் நினைவு நாளில் கல்லறைக்கு இருவரும் சேர்ந்து போகிறோம். அவன் வாசிக்கிறான், நான் செபிக்கிறேன்.

ஆகவே வெள்ளிவிழாக் காணும் இந்தப் பங்குக் குடும்பங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புத்தகம் இன்று நம் வீட்டில் இருக்கிறது. 137 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அலமாரியில் படத்தின் அடியில் பூ வைத்து மூடியிருப்பதை எடுத்துத் திறவுங்கள். அன்பியக் கூட்டத்தில் வாரம் ஓர் அதிகாரம் வாசியுங்கள். புரியாததைப் பங்குத் தந்தையிடம் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை திருச்சபைக்கு உண்டு. அதற்குத்தான் அதற்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. “வேதத்தில் எங்கே இருக்கிறது?” என்று அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். “வா, சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லி அவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் நம் பங்கையும், பிரிந்து வாழும் நம் சகோதரர் அனைவரையும் தம் வார்த்தையால் ஒன்று சேர்ப்பாராக. இயேசுவுக்கே புகழ்!