யந்திரம் கொண்டுவந்த கனவா?

(கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டத்து அங்கத்தினர்களிடம் ஓய்வுபெற்ற தோட்ட டிரஸ்ஸர் ஒருவர் ஆற்றிய உரை)



சுகாதாரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் கனவைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். கெட்ட கனவுக்குப் பயந்து உயிர் காக்கும் யந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டவர்கள் நம்மிடையே உண்டு.

முதலில் நோயைச் சொல்லுகிறேன். குறட்டை விட்டால் ஆழ்ந்த தூக்கம் என்று நினைப்பது வழக்கம். சிலருக்கு அது நேர்மாறு. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று உள்ளே போவதில்லை. பத்து வினாடி, இருபது வினாடி, சில சமயம் ஒரு நிமிஷம்கூட. இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை பதறி எழுப்பிவிடுகிறது. ஒரு செருமல், ஒரு புரளல், மறுபடியும் குறட்டை. மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் கடுமையான நோய் என்பது வைத்தியர்கள் கணக்கு. விழித்தது அவனுக்கு நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருக்கும் சம்சாரத்துக்குத்தான் தெரியும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், ஏறிப்போன இரத்தக் கொதிப்பு. வேலையிடத்தில் கண்ணயர்ந்தால் சோம்பேறி என்ற பட்டம் வேறு. அந்தப் பட்டம் நமக்குப் புதிதல்ல. ஆனால் செம்பனைக் காட்டில் டிராக்டர் ஓட்டுகிறவனும், விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவனும் அரை நிமிஷம் கண்ணயர்ந்தால் பட்டத்தோடு போகாது.

இதற்குத்தான் சீபாப் என்ற யந்திரம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து வைத்தியர் காலின் சல்லிவன் 1980-இல் இதைச் செய்துபார்த்தார். வீடு பெருக்கும் தூசி உறிஞ்சியின் மோட்டாரைக் காற்று ஊதும்படி மாற்றி, குழாய் வழியாக நோயாளியின் மூக்குக்குள் காற்றைச் செலுத்தினார். அந்தக் காற்றின் அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடித்தது. ஐந்து நோயாளிகளின் விவரத்தை 1981-இல் வெளியிட்டார். அதற்கு முன் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி. ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடும் பழைய லயத்து வாழ்க்கையில் இது வந்திருந்தாலும் நமக்குப் பயன்பட்டிருக்காது என்பது வேறு சங்கதி.

சரி, கனவுக்கு வருவோம். முகமூடியை மாட்டிய முதல் சில இரவுகளில் சிலர் சொல்வதைக் கேளுங்கள். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. செத்துப்போன அப்பா வாசலில் நின்று கூப்பிடுகிறார். யாரோ முகத்தைப் பொத்துகிறார்கள். எல்லாம் சினிமாவைவிடத் தெளிவாக இருக்கிறது. உடனே வீட்டில் ஒருவர், "அந்த மெஷின் வந்த நாளிலிருந்துதான் இப்படி, அதில் ஏதோ இருக்கிறது" என்பார். முனீஸ்வரன் கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. போய்விட்டு வந்து முகமூடியையும் மாட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

காரணம் இதுதான். தூக்கம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு தரம், மூடிய இமைக்குள்ளே கண் வேகமாக அசையும் ஒரு கட்டம் வருகிறது. சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்ற இருவர் 1953-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. கனவில் ஓடினாலும் உடம்பு ஓடாதபடி அந்த நேரத்தில் தசைகள் செயலற்றுத் தளர்ந்துவிடும். தொண்டைச் சதையும் அப்படியே தளரும். ஆகவே பலருக்கு மூச்சடைப்பு அந்தக் கட்டத்தில்தான் மிகவும் மோசமாக இருக்கிறது. கனவு தொடங்கும்போதெல்லாம் மூளை எழுப்பிவிடுவதால் வருஷக் கணக்கில் கனவுத் தூக்கம் குறைந்துபோகிறது.

செக்ரோல் எழுதிய கிராணிமாருக்கு இது உடனே விளங்கும். பல மாதச் சம்பளம் பாக்கி நிற்கிறது. ஒரு நாள் பாக்கியெல்லாம் சேர்ந்து கைக்கு வருகிறது. யந்திரம் மூச்சைத் திறந்துவிட்டதும், உடம்பு தனக்கு வரவேண்டிய கனவுத் தூக்கத்தை மொத்தமாக வசூலிக்கிறது. கனவு நீளுகிறது, தெளிவாகிறது, பயமுறுத்தவும் செய்கிறது. எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர்களுக்கும் பெரும்பாலும் சில நாளில், அல்லது சில வாரத்தில் தணிந்துவிடும். யந்திரத்தை விடாமல் பயன்படுத்தியவர்களுக்குப் பழைய கொடுங்கனவுகளே குறைந்துபோனதை வைத்தியர்கள் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள்.

நம் ஜனங்கள் "அமுக்குவான் பேய்" என்பார்களே, விழிப்பு வந்தும் கைகால் அசையாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல் தோன்றுவது, அதுவும் இந்தக் கட்டத்தைச் சேர்ந்ததுதான். மூளை விழித்துவிட்டது, தசை இன்னும் விழிக்கவில்லை. ஓரிரு நிமிஷத்தில் விட்டுவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கனவுத் தூக்கம் விடியற்பக்கம்தான் அதிகம். கனவு கண்டு மூன்று மணிக்கு முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் படுக்கிறவர், தொண்டை மிகவும் அடைபடும் நேரத்தில் காவலில்லாமல் படுக்கிறார். பால்வெட்டுக்கு நாலரைக்கு எழும்பிப் பழகியவர்களுக்கு ஏற்கெனவே அந்தப் பகுதி குறைவு. இருப்பதையும் அடைப்பிலே கழிக்கக்கூடாது. விழித்தால் எழுந்து உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். பகலில் டெலிவிஷன் பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகினால் முகத்தைப் பொத்துகிற பயமும் குறையும்.

மூச்சு முட்டுவது போன்ற கனவு வாரக் கணக்கில் நீடித்தால் மட்டும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். முகமூடி அளவு சரியில்லாமல் காற்று கசியலாம். அழுத்தம் போதாமல் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். திருகி நீங்களே மாற்றாதீர்கள். இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் கெட்ட கனவு தரும். வைத்தியரிடம் சொல்லுங்கள், மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. கனவில் எழுந்து அடிப்பது, உதைப்பது இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

கள்ளும் சம்சுவும் வேறு கதை. "ஒரு கிளாஸ் போட்டால் கனவு வராது" என்கிறார்கள். குடி முன்னிரவில் கனவை அமுக்கத்தான் செய்யும், பின்னிரவில் அது இரட்டிப்பாகத் திரும்பும். தொண்டைச் சதையையும் இன்னும் தளர்த்திவிடும்.

யந்திரம் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். எடுத்தவுடன் கடையில் போய் வாங்க வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கிலோ, தஞ்சோங் காராங், கோல குபு பாரு ஆஸ்பத்திரிகளிலோ காட்டி, தூக்கப் பரிசோதனை செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். பணம் இல்லையென்றால் அங்குள்ள சமூகநலப் பகுதியில் விசாரியுங்கள். சம்சாரத்தையும் கூட்டிப் போங்கள், குறட்டைக்குச் சாட்சி அவர்தான். ஏற்கெனவே யந்திரம் வைத்திருப்பவர்கள் அடுத்த தேதிக்கு அதையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த இரவு எத்தனை மணி மாட்டினீர்கள் என்று பல யந்திரங்கள் பதிந்து வைத்திருக்கும். என்ன கனவு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது கேள்வி இருந்தால் கேட்கலாம்.