விசா கேட்காத ஊர்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் தங்கை பேரனுக்கு வயது 27. மென்பொருள் பொறியாளன். "தாத்தா, விசாவே கேட்காத ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே குடியேறப் போகிறேன்" என்றான். அவன் அம்மா, "மாமா, நீங்கதான் புத்தி சொல்லணும்" என்று அழுதாள்.

ஊரின் பெயர் லாங்யியர்பியன். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், வடக்கே 78 பாகையில் உள்ளது. 1906-இல் ஓர் அமெரிக்கர் நிலக்கரி வெட்டத் தொடங்கிய குடியிருப்பு. ஜனத்தொகை சுமார் 2,500. 1920-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, அதில் சேர்ந்த நாட்டார் எவரும் அங்கு வசித்துத் தொழில் செய்யலாம். இந்தியாவும் அதில் உண்டு. நமது ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அதே தீவில் இயங்குகிறது.

பையன் சொன்னது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. நார்வே வழியாகப் போய்வர ஷெங்கன் விசா வேண்டும். சம்பாத்தியம் இல்லாதவரை ஆளுநர் திருப்பி அனுப்பலாம். அங்கே வசிக்கும் வருஷங்கள் நார்வே குடியுரிமைக்குக் கணக்கில் வாரா. பிரசவத்துக்குப் பெருநிலம் செல்ல வேண்டும். முதியோர் பராமரிப்பும் கிடையாது. அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி நடு வரை சூரியன் உதிப்பதில்லை. "சந்தியாவந்தனம் எந்த வேளையில்?" என்றேன். சிரித்தான்.

ஆனாலும், 'போகாதே' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் உண்டு. 1976-இல் எனக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது. அம்மா அழுதாள். சிபாரிசு பிடித்து ரத்து செய்துகொண்டேன். எனக்குப் பதிலாகப் போன சகா மூன்று வருஷம் கழித்துத் திரும்பினார். எதையும் தனியாக நின்று முடிக்கும் தைரியம் அவரிடம் வந்திருந்தது. எனக்கு அது ஓய்வு பெறும்வரை வரவில்லை.

அவனிடம் சொன்னேன்: "வேலையும் வீடும் கையில் கிடைத்த பிறகு கிளம்பு. திரும்பி வரும் செலவையும் ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவையும் தொடாமல் வங்கியில் வை. இரண்டு வருஷம் இருந்து பார். குடியேறும் பேச்சு அப்புறம்."

"அம்மாவிடம் என்ன சொல்ல?" என்றான்.

"திரும்பி வரும் தேதியைச் சொல். அவள் பயம் தூரத்தைப் பற்றியது இல்லை."

மருமாள் இன்னும் என்னுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. நம் பிள்ளைகள் இப்படி வந்து நிற்கும்போது, முதலில் விதிமுறைகளை அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். அழுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.