கைக்காசுக்கேற்ற லென்ஸ்



நம் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலருக்குப் புகைப்படக் கலையில் ஆர்வம் பிறந்திருக்கிறது. சிறுகச் சிறுகச் சேர்த்துக் கேமரா ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். பிறகு, "சார், அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறார்கள். வீட்டுப் பணம் பெற்றோரின் வியர்வை. ஆகவே இதைச் சற்று நிதானமாக யோசிப்போம்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். ஆசிரியர் வேலை கிடைத்த பிறகு கேமராவும், தொலைவில் இருப்பதைக் கிட்டே காட்டும் நீண்ட ஸூம் லென்ஸ் ஒன்றும் தவணையில் வாங்கினேன். அம்மா வேலையிலிருந்து நிற்பதற்குமுன், விடியற்காலையில் தலைவிளக்கோடு அவர் பால்மரம் வெட்டுவதைப் படமெடுக்கப் போனேன். ஒரு படமும் தேறவில்லை. எல்லாம் கலங்கிய நிழல்கள். சில மாதங்களில் அந்த மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். அம்மா மரம் வெட்டும் படம் எங்கள் வீட்டில் இன்றுவரை இல்லை.

குற்றம் கேமராவின்மேல் இல்லை. என் தேவை வேறு, நான் வாங்கிய லென்ஸ் வேறு.

லென்ஸின் முகப்பில் இரண்டு எண்களைப் பார்க்கலாம். ஒன்று மில்லிமீட்டரில் இருக்கும். அது சிறிதானால் பரந்த காட்சி கிடைக்கும். பெரிதானால் தூரத்துப் பொருள் கிட்டே வரும். மற்றொன்று எஃப் எண். மில்லிமீட்டர் எண்ணை இதனால் வகுத்தால், ஒளி நுழையும் வாயிலின் அகலம் தெரியும். 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 என்றால் வாயில் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். நம் பழைய பெரிய ஐம்பது சென் நாணயத்தின் அளவு. அதே 50 மில்லிமீட்டரில் எஃப் 5.6 என்றால் 9 மில்லிமீட்டர்தான். சட்டைப் பொத்தான் அளவு. முன்னதில் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளி நுழைகிறது. பொத்தான் வாயிலுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தேவைப்படும் இடத்தில், நாணய வாயிலுக்கு ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு போதும். கை நடுங்கினாலும் படம் கலங்காது.

இத்தகைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் பொதுவாக மலிவானது. காரணம் உண்டு. ஸூம் லென்ஸுக்குள் பல கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகரவேண்டும். இதற்கோ ஐந்தாறு கண்ணாடிகள் போதும். இந்த அமைப்பின் மூலவடிவத்தை ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896இலேயே வகுத்துவிட்டார். பழகிய வேலை, குறைந்த செலவு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மலிவான கேமராக்கள் பலவற்றில் படம் பதியும் பரப்பு, 24க்கு 36 மில்லிமீட்டர் என்ற பழைய பிலிம் அளவைவிடச் சிறியது. அவற்றில் 50 மில்லிமீட்டர் லென்ஸ், 75 அல்லது 80 மில்லிமீட்டர் போலக் காட்சியைக் குறுக்கிவிடும். லயத்து வீட்டின் சிறிய அறையில் குடும்பம் முழுவதையும் எடுக்க, சுவரோடு ஒட்டி நின்றாலும் இடம் போதாது. அத்தகைய கேமராவுக்கு 35 மில்லிமீட்டரே பொருத்தம்.

நீண்ட ஸூம் லென்ஸ் வீண் என்று நான் சொல்லவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும், வெயிலில் பறவைகளை எடுப்பதற்கும் அதுவே வேண்டும். சேங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலய மாசி மகத்தில், இரவு விளக்கொளியில் மனித முகங்களை எடுக்க அது உதவாது. உங்களுக்கு எது தேவை என்பதை உங்கள் படங்களே சொல்லும். கேமராவோடு வந்த லென்ஸையே ஒரு மாதம் பயன்படுத்துங்கள். எந்த மில்லிமீட்டரில் எடுத்தோம் என்பது ஒவ்வொரு படத்திலும் பதிந்திருக்கும். அதிகம் வரும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதிலும் இழுக்கில்லை. உங்கள் கேமராவில் அது பொருந்துகிறதா என்று மாட்டிப் பாருங்கள். கைவிளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து உள்ளே நோக்குங்கள். இரண்டொரு தூசி படத்தைக் கெடுக்காது. சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நம் நாட்டு ஈரக்காற்றில் புது லென்ஸுக்கும் பூஞ்சை வரும். தோல் உறையில் மூடிவைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

பெற்றோர்களே, கடன்பட்டு வாங்கித் தராதீர்கள். பிள்ளைகளே, கைக்காசுக்கு ஏற்ற ஒரு லென்ஸை வாங்கி, முதல் படத்தை வீட்டிலேயே எடுங்கள். வேலை முடிந்து திண்ணையில் அமர்ந்திருக்கும் அம்மாவை, வாளியும் உளியும் தாங்கிய அப்பாவின் கையை எடுங்கள். எடுத்ததைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். மரங்களும் லயங்களும் நமக்காகக் காத்திருப்பதில்லை.