மிச்சக் காசு கேட்கும் விதம்



கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு வரும் காலை பஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர். மூவருக்கும் கண்டக்டர் மிச்சக் காசு தரவில்லை. ஒரு பிள்ளை பேசாமல் இறங்கிவிடும். பிறகு வீட்டில் புறுபுறுக்கும். இன்னொன்று, "ஏமாத்தப் பாக்கிறியா?" என்று பாயும். மூன்றாவது பிள்ளை முகத்தைப் பார்த்து, "அண்ணா, நூறு ரூபா தந்தனான். மிச்சத்தைத் தாங்கோ" என்று கேட்கும்.

அடங்கிப்போவதும் பாய்வதும் தானாக வரும். பணிவாக, ஆனால் தெளிவாகக் கேட்பதைப் பழக்கித்தான் எடுக்க வேண்டும்.

வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். சொல்வன்மைக்கு வேறோர் அதிகாரம் வைத்தார். இனிமை மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ, "வாய் காட்டாதே" என்பதோடு நிறுத்திவிடுகிறோம்!

தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கும் துறைமுகப் பட்டினம் நம்முடைய திருகோணமலை. மொழி தடுமாறினால் குரல் உயர்ந்துவிடும். அதனால் தெளிவாக, பணிவாகக் கேட்கும் பழக்கம் இங்கே இன்னும் அவசியம்.

ஆசிரியர்களே, மிச்சக் காசு கேட்கும் இந்த மூன்று விதங்களையும் வகுப்பில் பிள்ளைகளை நடிக்க விடுங்கள். ஒருவர் கண்டக்டர், ஒருவர் பயணி. பத்து நிமிடம் போதும். பெற்றோரே, இன்று கடைக்குப் போனால் நீங்கள் பேசாதீர்கள். பிள்ளையைக் கேட்க விடுங்கள்.