விழுங்கிய பொருளும் வீணாகும் நேரமும்

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

தகவல் பணிக்கு வருமுன் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருந்தவன். என் வகுப்புச் சிறுவன் ஒருவன் ஒருநாள் ஐந்து சென் காசை விழுங்கிவிட்டான். அடிக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் தவித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. மருத்துவர்கள் காசை எடுத்தனர், பிள்ளை பிழைத்தான். அவன் விழுங்கியது காசாக இல்லாமல் பேட்டரியாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? அதனைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

கையில் கிடைப்பதை வாயில் வைத்துப் பார்ப்பது குழந்தையின் இயல்பு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் செவாலியர் ஜாக்சன் (1865–1958) என்னும் தொண்டை மருத்துவர் வாழ்ந்தார். நோயாளிகளின் உணவுக்குழாயிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுக்கப்பட்ட 2,374 பொருள்களை அவர் சேர்த்து வைத்தார். ஊக்கு, காசு, பொத்தான், எலும்பு, கடலை என்று அவை நீளும். அந்நாளில் வீடுகளில் துப்புரவுக்கு வைத்திருந்த கடுங்காரத்தை விழுங்கித் தொண்டை வெந்துபோன குழந்தைகளையும் அவர் கண்டார். அத்தகைய பொருள்களின்மீது ‘நஞ்சு’ என்று அச்சிட வேண்டுமெனப் போராடினார். 1927ஆம் ஆண்டு அதற்கான சட்டம் பிறந்தது.

தாய்மார்களே! அன்று புட்டியில் இருந்த அந்தக் காரத்தை இன்று பொத்தான் போன்ற சிறு பேட்டரி குழந்தையின் தொண்டைக்குள்ளேயே உண்டாக்கிவிடுகிறது. ஈரச்சதையில் பட்டதும் மின்னோட்டம் பாய்ந்து காரம் உருவாகிறது. இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாய் கடுமையாக வெந்துபோகக்கூடும். ஏறத்தாழ இருபது சென் காசின் அளவுள்ள லித்தியம் பேட்டரியே மிகக் கொடியது. தீர்ந்துவிட்டதென்று மேசைமீது போட்ட பேட்டரியிலும் கேடு செய்யும் அளவுக்கு மின்சாரம் எஞ்சியிருக்கும். ரிமோட், பொம்மை, பாட்டு இசைக்கும் வாழ்த்து அட்டை ஆகியவற்றை இன்றே சோதித்துப் பாருங்கள். மூடி திருகாணியால் இறுக்கப்பட்டுள்ளதா என்று கவனியுங்கள். சிறு காந்தங்களும் ஆபத்தானவை. இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளை இடையில் நெருக்கி ஓட்டையிட்டுவிடும்.

பிள்ளை விழுங்கிவிட்டால் என்ன செய்வது? சோற்று உருண்டையோ வாழைப்பழமோ கொடுத்துத் தள்ள முயலாதீர்கள். மீன்முள் சிக்கிய பெரியவர்களுக்கும் இது பொருந்தும். முள் மேலும் ஆழமாகக் குத்தக்கூடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். காசா, பேட்டரியா என்பதை எக்ஸ்ரே படமே காட்டும். வழவழப்பான காசு வயிற்றை அடைந்துவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறும். ஆயினும் அதனை மருத்துவரே முடிவு செய்யட்டும். விழுங்கியது பேட்டரி என்று ஐயம் எழுந்து, பிள்ளை ஒரு வயதைக் கடந்து, விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேனைத் தேடிப் பயணத்தைத் தாமதப்படுத்தக் கூடாது.

பிள்ளை அழவோ இருமவோ மூச்சுவிடவோ முடியாமல் திணறினால், தலை தாழ்ந்திருக்குமாறு குனியப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து முறை தட்டுங்கள். அதே வேளையில் ஒருவர் 999 எண்ணுக்கு அழைக்கட்டும்.

இறுதியாக ஒன்று. எச்சில் ஒழுகுவது, உணவை மறுப்பது, விடாத இருமல் ஆகியவை அடையாளங்கள். சில வேளைகளில் எந்த அடையாளமும் இராது. பிள்ளையின் வாய்ச்சொல்தான் சான்று. அடிக்குப் பயந்து அந்த வாய் மூடிக்கொண்டால் நாம் இழப்பது நேரத்தை. சில வேளை உயிரையே. ஆகவே, ‘எதை விழுங்கினாய், கண்ணே?’ என்று அன்போடு கேளுங்கள். பிள்ளை பயமின்றிச் சொல்லும் வீடே பாதுகாப்பான வீடு.