பதினாறு வயதில் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

(கண்டியில் நடந்த பெற்றோர், ஆசிரியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

தாய் தகப்பன்மாரே,

தெல்தோட்டையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் விடியக்காலை பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். இன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்களும் உங்களில் இருக்கிறார்கள். ஆகவே வரவேற்பு வார்த்தைகளில் உங்கள் நேரத்தைக் கரைக்க மாட்டேன்.

ஒரு பிள்ளை விசேட கல்வி அலகில் சேர்கிறது. எல்லாப் பாடசாலைகளிலும் அந்த அலகு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆசிரியை அரும்பாடுபட்டு அந்தப் பிள்ளைக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுக்கிறார். காசு எண்ண, சட்டைப் பொத்தான் போட, வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுக்கிறார். வருஷங்கள் ஓடுகின்றன. பிள்ளைக்குப் பதினாறு வயதாகிறது. அன்றைக்குத் தாயைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்: “இனி நீங்களே வீட்ல வச்சிப் பாத்துக்கங்கம்மா.”

இந்த ஒரு வார்த்தையை எதிர்த்துப் பேசத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

கட்டாயக் கல்வி வயதை 14இலிருந்து 16ஆக 2016இல் உயர்த்தினார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் பதினாறு முடிந்த மறுநாள் காலையில் இந்தப் பிள்ளை எழும்பி எங்கே போகும்? அந்தக் கேள்விக்குப் பாடசாலையில் எந்தக் கோப்பிலும் பதில் இல்லை. வீட்டுக்கு வருகிற மாமாவும் சித்தப்பாவும் மற்றப் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தி, “பெரியாளா வந்து என்ன செய்யப் போற?” என்று கேட்கிறார்கள். காது கேளாத பிள்ளையிடம், பார்வை குறைந்த பிள்ளையிடம், மெதுவாகப் படிக்கிற பிள்ளையிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. தலையைத் தடவி ஒரு டொபி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பாடசாலையும் அதையேதான் செய்கிறது. தொழில் வழிகாட்டல் என்று ஒரு நாள் வைப்பார்கள், பல்கலைக்கழகத்திலிருந்தும் வங்கியிலிருந்தும் ஆள் வந்து பேசுவார்கள். அன்றைக்கு விசேட கல்வி அலகின் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? தங்கள் அறையிலேயே இருப்பார்கள். அந்த நாள் அவர்களுக்கும் உரியது என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை.

“சட்டம் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வீதத்தை அங்கவீனமுற்றோருக்குக் கொடுக்க வேண்டும் என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. இலக்கம் 27/88. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கந்தோரில் கேட்க உதவும். 1996இல் பாராளுமன்றம் 28ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கவீனத்தைக் காரணம் காட்டி வேலையிலோ பாடசாலை அனுமதியிலோ எவருக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. அந்த உரிமை மீறப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2016இல் அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதி செய்தது. காகிதத்தில் நமக்குக் குறையே இல்லை.

அப்படியானால் 2012 குடிசன மதிப்பீடு சொன்னது என்ன? ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு, அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு, ஏதோவொரு இயலாமை. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் எந்தத் தொழிலிலும் இல்லை, தொழில் தேடவும் இல்லை. அதில் வயோதிபர்கள் நிறையப் பேர், அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் லயத்து வாசலில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிற இருபது வயதுப் பையன் வயோதிபனா? அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சம்பளமில்லாமல், சொந்தமாக ஒரு ரூபாயை எண்ணிப் பார்க்காமல் காலம் கழிக்கிற காது கேளாத பெண் பிள்ளை வயோதிபரா?

அந்த 3 வீதச் சுற்றறிக்கையை வாங்கி முழுக்கப் படியுங்கள். தேவையான தகைமை இருக்க வேண்டும், இயலாமை அந்தக் கடமைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். தகைமை எங்கேயிருந்து வரும்? பாடசாலையிலிருந்துதான் வரும். பாடசாலை அந்தத் தகைமையைக் கொடுக்காமலே பிள்ளையை அனுப்பிவிடுகிறது. பிறகு கந்தோர்க்காரர், “நாங்கள் தரத் தயார், தகுதியான ஆள்தான் வரவில்லை” என்கிறார். பாடசாலை கந்தோரைக் காட்டுகிறது, கந்தோர் பாடசாலையைக் காட்டுகிறது. நடுவில் பிள்ளைக்கு முப்பது வயதாகிவிடுகிறது. தனியார் துறைக்கோ அந்த 3 வீதம்கூடக் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். விசேட தேவையுள்ள பிள்ளைக்குத் தொழில் என்றதும் நம் எல்லோர் மனதிலும் வருகிறவை மெழுகுவர்த்தி, கால்மிதி, விளக்குமாறு, காகிதப் பை. அந்தத் தொழில்களைச் செய்பவர்களை நான் வணங்குகிறேன். என் சண்டை அந்தத் தொழிலோடு இல்லை. கண் தெரியாத பிள்ளைக்கும், காது கேளாத பிள்ளைக்கும், ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கும் ஒரே கால்மிதி என்று தீர்மானித்தது யார்? எந்தப் பிள்ளையிடம் கேட்டார்கள்? பார்வையில்லாதவன் கணினியில் என்ன செய்வான் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை உலகம் முழுக்கப் பார்வையற்றவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதை உருவாக்கியவர்கள் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள், இருவருமே பார்வையற்றவர்கள். அதற்கு ஒரு சதம்கூடக் கட்ட வேண்டியதில்லை. தமிழிலும் அது வாசிக்கும். உங்கள் பாடசாலைக் கணினி அறையில் அதை ஏற்றுவதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை, ஓர் ஆசிரியரின் ஒரு பிற்பகல் போதும். 2024 நவம்பரில் சுகத் வசந்த டி சில்வா என்ற பார்வையற்றவர் நம் பாராளுமன்றத்துக்கே போய்விட்டார். கலஹாப் பிள்ளைக்கு மட்டும் இன்னும் நாங்கள் கால்மிதியைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

முதலாவது, காலம். சாதாரண தரம் முடிந்த பிறகு தொடங்குகிற தொழில் வழிகாட்டல் இந்தப் பிள்ளைகளுக்குப் பிந்திப்போன மருந்து. அமெரிக்காவில் விசேட தேவையுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் 16 வயதாகும்போது, பாடசாலைக்குப் பிறகான வாழ்க்கைக்கு எழுத்தில் திட்டம் இருந்தாக வேண்டும். அது அங்கே சட்டம். இங்கிலாந்தில் விசேட திட்டம் பெற்ற பிள்ளைகளுக்கு 13, 14 வயதிலேயே வேலையைப் பற்றிய பேச்சைத் தொடங்குகிறார்கள். நமக்கு ஏன் முடியாது? ஆறாம் வகுப்பிலிருந்து செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை, அந்தப் பாடவேளையில் இந்தப் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள்.

இரண்டாவது, எப்படிக் கற்பிப்பது என்பது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் தொழிற்கல்வி என்றால் ஒரு துண்டுப்பிரசுரம் என்று நினைக்கிறார்கள். கண்டியில் ஹோட்டல்கள் எத்தனை! ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். கழுவி வந்த விரிப்புகளைப் பிரிக்க வேண்டும், கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கறையுள்ளதை ஒதுக்க வேண்டும், மடிக்க வேண்டும், அளவுப்படி தட்டில் அடுக்க வேண்டும், எண்ணிக் குறிக்க வேண்டும். “இதெல்லாம் இவளால முடியாது” என்று ஒரு பிள்ளையைப் பற்றி ஒரேயடியாகச் சொல்லிவிடலாம். அல்லது ஒவ்வொரு வேலையாகப் பிரித்துப் பார்க்கலாம். மடிப்பது அவளுக்கு நன்றாக வருகிறது. அளவு பிரிப்பதில் தடுமாறுகிறாள். தட்டுக்கு ஒரு நிறத்தில் நாடா, விரிப்பின் மூலையில் அதே நிறத்தில் ஒரு தையல் போட்டால் அந்தத் தடுமாற்றம் தீர்ந்துவிடும். எண்ணிக் குறிப்பதைப் பக்கத்தில் நிற்பவர் செய்துகொள்ளட்டும், அவருக்குப் பதிலாக இவள் இன்னும் கொஞ்சம் மடித்துவிட்டுப் போகிறாள். முதல் சில வாரம் ஆசிரியரோ பயிற்றுநரோ பக்கத்தில் நிற்க வேண்டும். பிறகு ஒரு மணித்தியாலம் வந்து பார்த்தால் போதும். பிறகு தொலைபேசி அழைப்பு போதும். வேலைக்கு ஏற்ற பிள்ளையைத் தேடிப் பிள்ளைகளைக் கழித்துக்கொண்டே போவதை நிறுத்திவிட்டு, இந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி வேலையை எப்படி அடுக்குவது என்று பார்க்கத் தெரிந்த ஆசிரியர்கள் நமக்கு வேண்டும். கொட்டகலை பத்தனையிலே தமிழ் ஆசிரியர்களைப் பயிற்றுகிற ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து வெளிவருகிற ஒவ்வோர் ஆசிரியரும் இந்தக் கலையைத் தெரிந்து வர வேண்டும்.

சலவைப் பிரிவுக்கு முன்னால் பஸ் இருக்கிறது. கலஹாவில் ஏறி, டிக்கெட் எடுத்து, மிச்சக் காசு சரியா என்று பார்த்து, கண்டியில் இறங்கித் தெருவைக் கடக்கத் தெரியாத பிள்ளைக்கு எந்த வேலை கிடைத்தும் பயனில்லை. அதைக் கற்பிப்பதும் தொழிற்கல்விதான். முதலாளி ஏசினால் என்ன செய்வது, யாராவது தகாத முறையில் தொட்டால் யாரிடம் சொல்வது, களைத்துப்போனால் எப்படிக் கேட்டு ஓய்வெடுப்பது, இதெல்லாம் கற்பிக்க வேண்டியவை. வெட்கப்பட்டு விட்டுவிடக் கூடாதவை.

மூன்றாவது, மொழி. அங்கவீனமுற்றோருக்கென்றே சமூக சேவைகள் திணைக்களம் நடத்துகிற தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று நம் மாவட்டத்திலேயே, வத்தேகமையில் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? பாடசாலையில் யாராவது சொன்னார்களா? 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில், சாதாரண தரத்தில் சித்தி பெறாத பிள்ளைக்கும் 12ஆம் வகுப்பில் தொழிற்பிரிவில் இடமுண்டு. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வரை அது கொண்டுபோகும். இந்தக் கதவுகளில் எதைத் தட்டினாலும் முதலில் கேளுங்கள்: “இங்கே தமிழில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறாரா?” கற்பதே கடினமாக இருக்கிற பிள்ளையை, விளங்காத மொழியில் கற்கச் சொல்வது இரட்டைக் கொடுமை. தோட்டத்துப் பிள்ளைக்கு அது மூன்றாவது சுமையும்கூட. தூரம், வறுமை, அதற்குமேல் மொழி.

எதிர்க்கேள்விகள் வரும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நல்ல திடகாத்திரமான பிள்ளைகளே வேலையில்லாமல் வெளிநாட்டுக்கு ஓடுகிறார்கள், இவர்களுக்கு எங்கே வேலை என்று கேட்கிறார்கள். அப்படி அவர்கள் ஓடுவதால்தான் பல்லேகலைத் தொழிற்சாலைகளிலும் ஊர்க் கடைகளிலும் ஆள் தேடுகிறார்கள். நிலைத்து நிற்கிற, நேரத்துக்கு வருகிற வேலையாட்கள் உங்கள் வீடுகளில் காத்திருக்கிறார்கள் என்பதை அந்த முகாமையாளர்களுக்கு யார் சொல்வது?

தாய்மார் கேட்பது வேறு கேள்வி. “பொம்பளப் பிள்ளைய எப்படிங்க தனியா அனுப்புறது?” இந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அது நியாயமான பயம். ஆனால் ஒன்றை யோசியுங்கள், அம்மா. உங்களுக்குப் பிறகு அவளை யார் பார்ப்பார்? பஸ்ஸில் போகத் தெரிந்த, காசு எண்ணத் தெரிந்த, ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்லத் தெரிந்த பெண் பாதுகாப்பாக இருப்பாளா, வாசலைத் தாண்டாத பெண் பாதுகாப்பாக இருப்பாளா? அவளைப் பழக்கத்தான் கேட்கிறேன், தள்ளிவிடச் சொல்லவில்லை.

“தனி மனிதர் கேட்டு என்ன ஆகப்போகிறது” என்று சொல்கிறவர்களுக்கு அஜித் பெரேராவை நினைவுபடுத்துகிறேன். 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்து, அன்றிலிருந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கட்டடங்களுக்குள் நுழைய முடியவில்லை என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2011இல் பொதுக் கட்டடங்களை எல்லோரும் பயன்படுத்தக் கூடியதாக அமைக்க வேண்டும் என்ற உத்தரவை வாங்கினார். ஒரு மனிதரின் மனு அது. கண்டி, கட்டுகஸ்தோட்டை, தெனுவர, கம்பளை, தெல்தெனிய, வத்தேகம என்று நம் மாவட்டத்தில் ஆறு கல்வி வலயங்கள். ஒவ்வொரு வலயப் பணிமனைக்கும் நீங்கள் பத்துப் பேராகப் போய்ப் பணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்த வலயத்தில் 12 வயதைத் தாண்டிய விசேட தேவையுள்ள மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பாடசாலைக்குப் பிறகான திட்டம் எழுதப்பட்டிருக்கிறது? கடிதம் கொடுத்தால் கையொப்பமிட்ட பிரதியை வாங்காமல் வராதீர்கள்.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கிற முதலாளிமாருக்கு. டிசம்பர் 3ஆம் திகதி சர்வதேச அங்கவீனமுற்றோர் தினம் வரும்போது நீங்கள் பொதி கொடுக்கிறீர்கள், பெனியன் கொடுக்கிறீர்கள், படம் எடுக்கிறோம். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. இந்த வருஷம் பொதி வேண்டாம். உங்கள் பேக்கரியில், அச்சகத்தில், தொலைபேசி திருத்துகிற கடையில், தேயிலைத் தொழிற்சாலையில், இரண்டு வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு இடம் தாருங்கள். கூட ஓர் ஆசிரியர் வருவார், அதற்கு அதிபர்களிடம் நான் பேசியிருக்கிறேன். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் கடையின் பெயரையும், எந்தக் கிழமையிலிருந்து பிள்ளை வரலாம் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். தாய்மாரே, நீங்களும் பக்கத்தில் நின்று உங்கள் பிள்ளையின் பெயரையும், அது எதைச் செய்ய ஆசைப்படுகிறது என்பதையும் எழுதுங்கள். ஆசை தெரியாவிட்டால் இன்றிரவு பிள்ளையிடம் கேட்டு, நாளைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.